ஒரே ஜெல், இரண்டு தழும்பு

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பதில் அந்தரத்தில் நிற்கும். கேட்டவருக்கு சிசேரியன் ஆகி ஏழு மாதம். அடிவயிற்றுத் தையல் சிவந்து, கயிறு மாதிரிப் புடைத்திருந்தது. நெஞ்சின் நடுவில், ஒரு பரு வந்து ஆறிய இடத்தில், மூன்று வருடமாக ஒரு தடிப்பும் இருக்கிறது. புளியங்கொட்டை அளவில் ஆரம்பித்தது இப்போது இரண்டு பக்கமும் கொம்பு மாதிரி நீண்டிருக்கிறதாம், அரிப்பு வேறு. மருந்துக்கடையில் வாங்கிய சிலிகான் ஜெல்லை நான்கு மாதமாக இரண்டிலும் தடவுகிறார். வயிற்றில் நன்றாக அமுங்கிவிட்டது, நெஞ்சில் ஒரு மாற்றமும் இல்லை. "ஜெல் போலியா? இதைவிட ஸ்ட்ராங்கான களிம்பு இருக்கிறதா? குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன். ஊசி மட்டும் வேண்டாம், பயம்" என்று முடித்திருக்கிறார்.

போலிச் சந்தேகத்தை முதலில் முடித்துவிடலாம். போலியாக இருந்தால் இரண்டு இடத்திலும்தானே சும்மா இருந்திருக்கும்? ஒரே டியூப், ஒரே உடம்பு, தடவும் கையும் ஒன்றுதான். ஒரு தழும்பு கேட்கிறது, இன்னொன்று கேட்கவில்லை என்றால் வித்தியாசத்தைத் தழும்பில்தான் தேட வேண்டும். நான் தோல் மருத்துவன். இருபது வருடத்துக்கு மேலாக வெளிநோயாளிப் பிரிவில் தழும்புகளைப் பார்த்து வருகிறேன். உங்கள் மாதிரி இரண்டு வகையும் ஒரே ஆளிடம் இருப்பது அரிது ஒன்றும் இல்லை, ஆனால் இவ்வளவு கவனமாக ஒப்பிட்டு எழுதியவர்கள் குறைவு.

பார்வைக்கு இரண்டும் புடைத்த தழும்புதான். வயிற்றில் இருப்பது, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், ஹைபர்ட்ரோஃபிக் தழும்பு. கத்தி போன கோட்டைத் தாண்டாது. காயம் ஆறிய சில வாரங்களில் எழும்பும், சில மாதம் சிவந்து அரிக்கும், அப்புறம் ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் மெதுவாக வெளுத்துத் தணியும். நெஞ்சில் இருப்பது கீலாய்டு. அதற்குக் காயம் எங்கே முடிந்தது என்பது கணக்கில்லை. மிளகு அளவுப் பரு ஆறிய இடத்திலிருந்து, பக்கத்தில் ஒரு கீறல்கூடப் படாத நல்ல தோலுக்குள்ளும் ஏறிப் போகும். தானாக அடங்குவது அபூர்வம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலிபெர்ட் என்ற பிரெஞ்சுத் தோல் மருத்துவர் இதற்குப் பெயர் வைத்தபோது, நண்டுக் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார். நீங்கள் 'கொம்பு' என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்தக் கொடுக்குதான் நினைவுக்கு வந்தது. நெஞ்சின் நடு, தோள், மேல் முதுகு, தாடை ஓரம், காது மடல் ஆகியவை கீலாய்டுக்குப் பிடித்த இடங்கள். நெஞ்சிலும் தோளிலும் கையை அசைக்கும்போதெல்லாம் தோல் இழுபடுகிறது, அந்த இழுவை ஒரு காரணம் என்பதில் பெரும்பாலோருக்கு உடன்பாடு உண்டு. காது மடலை யாரும் இழுப்பதில்லை, ஆனாலும் அங்கே வருகிறது. ஆக, இழுவை மட்டுமே காரணம் இல்லை. கருத்த தோலில் அதிகம் வரும், சில குடும்பங்களில் வழிவழியாகவும் வரும்.

இந்த இடத்தில் ஒரு சங்கடத்தைச் சொல்லியாக வேண்டும். வயிற்றுத் தழும்பு அமுங்கியதற்கு ஜெல்லுக்கு எவ்வளவு பாராட்டு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஏழாவது மாதத்தில் ஒன்றுமே தடவாமல் விட்டிருந்தாலும் கொஞ்சம் அடங்கித்தான் இருக்கும். இந்தத் துறையில் நடந்த ஆய்வுகளின் தலைவலியே அதுதான். பல ஆய்வுகள் சின்னவை. தடவியவருக்கும் தடவாதவருக்கும் சரியாக ஒப்பீடு இல்லை. சிலிகான் பற்றிய எல்லா ஆய்வுகளையும் சலித்துப் பார்த்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் சர்வதேச அமைப்பு) தொகுப்புகள் ஒன்றுக்கு மேல் வந்திருக்கின்றன. சில ஆய்வுகளில் நன்மை தெரிந்தாலும் ஆதாரத்தின் தரம் மிகவும் குறைவு என்பதைத்தான் அவை திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அப்படியிருந்தும் உலகெங்கும் தழும்பு சிகிச்சை வழிகாட்டுதல்களில் சிலிகான் முதல் வரிசையில் இருக்கக் காரணம், அதனால் கெடுதல் அநேகமாக எதுவும் இல்லை. அரிப்பும் இறுக்கமும் குறைவதை நானும் பலரிடம் பார்த்திருக்கிறேன். புதுத் தழும்புக்கு நானும் எழுதிக் கொடுக்கிறேன், பெரிய வாக்குறுதி இல்லாமல்.

சிலிகான் உள்ளே போய் எதையும் கரைப்பதில்லை, கண்டிப்பான அர்த்தத்தில் அது மருந்தே இல்லை. 1980-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் தீக்காயத் தழும்புகளின் மேல் சிலிகான் தாளை ஒட்டிப் பார்த்தபோது தழும்பு மிருதுவாவதைக் கவனித்தார்கள். அழுத்தம் காரணம் என்று சந்தேகப்பட்டார்கள், அழுத்தம் இல்லாமலும் வேலை செய்தது. இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம் இது: புதுத் தழும்பின் மேல்தோல் ஓட்டைக் கூரை மாதிரி, உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மேல்தோல் காய்ந்தால் கீழே இருக்கும் செல்களுக்கு 'காயம் இன்னும் ஆறவில்லை, இன்னும் கொலாஜன் போடு' என்று தகவல் போகிறது. (கொலாஜன் என்பது தோலுக்கு உறுதி தரும் நார்ப்புரதம், தழும்பின் மேடு பெரும்பாலும் அதுதான்.) சிலிகான் படலம் அந்த ஈரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. தகவல் நின்றால் உற்பத்தியும் குறைகிறது. உங்கள் வயிற்றில் உற்பத்தி இன்னும் நடந்துகொண்டிருந்தது, அதனால் மேலே ஒரு மூடி போட்டது உதவியிருக்கலாம். நெஞ்சில் மூன்று வருடச் சரக்கு ஏற்கெனவே கட்டி வைத்திருக்கிறது. தடித்த கொலாஜன் கற்றைகள், கயிற்றுப் பந்து மாதிரி. அதற்கு மூடி போட்டு என்ன ஆகப் போகிறது?

'ஸ்ட்ராங்கான களிம்பு' பற்றிய கேள்விக்கும் இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. தோல் என்பது வெளியே இருப்பதை உள்ளே விடாமல் தடுக்கவே இருக்கிற சுவர். மூலக்கூறின் எடை சுமார் 500 டால்டனுக்கு மேல் போனால் நல்ல தோலைத் தாண்டுவது மிகக் கடினம் என்பது எங்கள் துறையில் ஒரு பொது விதி. இப்போது தழும்புக்கென்று கடைகளில் அதிகம் விற்கும் இன்னொரு ஜெல்லை எடுத்துக்கொள்வோம். வெங்காயச் சத்து, ஹெப்பாரின், அலன்டாயின் மூன்றும் சேர்ந்தது. ஹெப்பாரின் மூலக்கூறு சராசரியாக 15,000 டால்டன் பக்கம் வரும். அது கீலாய்டின் அடிக்குப் போய் வேலை செய்யும் என்று நம்புவதற்கு எனக்குத் தைரியம் இல்லை. வெங்காயச் சத்தைச் சாதாரண பெட்ரோலியம் ஜெல்லியோடு ஒப்பிட்ட ஆய்வுகள் உண்டு, பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அந்த ஜெல்லில் பயன் கிடைத்ததாகச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. தினமும் இரண்டு வேளை தழும்பை நீவிவிடுவதும் ஈரம் காப்பதும் சேர்ந்தே நடக்கின்றன, பெயர் மட்டும் வெங்காயத்துக்குப் போகிறது என்பது என் ஊகம்.

வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்துத் தடவும் வழக்கம் பற்றி ஊகம் தேவையில்லை. 1999-ல் வெளியான ஓர் ஆய்வில், தோல் புற்றுநோய் அறுவை முடிந்த 15 பேருக்குத் தழும்பின் ஒரு பாதியில் வைட்டமின் ஈ கலந்த களிம்பும் மறுபாதியில் வெறும் களிம்பும் கொடுத்தார்கள். பத்தில் ஒன்பது தழும்புகளில் பயன் இல்லை, அல்லது மோசமாகிவிட்டது. மூன்றில் ஒருவருக்குத் தோல் ஒவ்வாமை வந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் பச்சை நிற மாத்திரையைக் குத்திப் பிதுக்கித் தடவிவிட்டு, தழும்பைச் சுற்றிக் கொப்புளத்தோடு வருபவர்களை நானும் பார்ப்பதால் அதை நம்புகிறேன். எருக்கம்பால், சுண்ணாம்பு, எலுமிச்சை வகையறா இதைவிட மோசம். அவை தோலைப் புண்ணாக்கும், கீலாய்டு உள்ளவருக்குப் புதுப் புண் என்றால் புதுக் கீலாய்டுக்கு விதை போட்ட மாதிரி.

உண்மையிலேயே மருந்து என்று சொல்லத்தக்க களிம்புகளில் முதலில் வருவது ஸ்டீராய்டு. குளோபெட்டசால் மாதிரி வீரியமானவற்றுக்கு அரிப்பையும் சிவப்பையும் குறைக்கும் சக்தி உண்டு, அதில் சந்தேகம் இல்லை. மேட்டைக் குறைக்குமா என்றால், மெல்லிய புதுத் தழும்பில் கொஞ்சம் குறைக்கலாம். அரை அங்குலத் தடிப்பில் மேலாக ஊறி நின்றுவிடும். இதில் எரிச்சலான விஷயம் என்னவென்றால், தழும்பைவிடச் சுற்றியிருக்கும் நல்ல தோலைத்தான் க்ரீம் சீக்கிரம் பாதிக்கும். ஒரு கல்லூரி மாணவர் தோளில் கீலாய்டோடு வந்தார். கடையில் வாங்கிய ஸ்டீராய்டு க்ரீமை எட்டு மாதம் தாராளமாகத் தடவியிருந்தார். நடுவில் கீலாய்டு வைத்த இடத்தில் அப்படியே இருக்கிறது, சுற்றிலும் ஒரு விரல் அகலத்துக்குத் தோல் வெளுத்து, சிகரெட் தாள் மாதிரி மெலிந்து, உள்ளே சிவப்பு நரம்புகள் தெரிகின்றன. கிரகணச் சூரியனைச் சுற்றி ஒளி வட்டம் இருக்குமே, அப்படி. வந்த பிரச்சினை ஒன்று, போகும்போது இரண்டு. 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய ஷெட்யூல் ஹெச் பட்டியலில் சேர்த்தது. சேர்த்தபின்னும் கேட்டால் கிடைக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஸ்டீராய்டையே ஒட்டும் பட்டையாகச் செய்தால் கதை கொஞ்சம் மாறுகிறது. ஜப்பானில் டெப்ரோடோன் என்ற ஸ்டீராய்டு பூசிய பிளாஸ்டரைத் தழும்பின் வடிவத்துக்கே வெட்டி ஒட்டுகிறார்கள். நல்ல தோலில் படாது, மூடியிருப்பதால் மருந்தும் ஆழமாக இறங்கும். மாதக் கணக்கில் ஒட்டினால் கீலாய்டுகூட மிருதுவாவதாக அங்குள்ளவர்கள் எழுதுகிறார்கள். அவர்கள் வெளியிட்ட படங்கள் என்னை யோசிக்க வைத்தன. நான் கையாண்ட மருந்து இல்லை, நம் ஊர்க் கடைகளில் பார்த்ததும் இல்லை. ஆகவே அதற்கு மேல் பேச மாட்டேன். ஊசியே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு நாள் அது வழியாகலாம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். ட்ரெட்டினாயின் என்ற வைட்டமின் ஏ வகைக் க்ரீமில் அரிப்பு குறைந்ததாகப் பழைய சிறு ஆய்வுகள் உண்டு. எரிச்சல் அதிகம், கருவுற்றிருந்தால் கூடாது. இமிக்விமாட் மருவுக்காக வந்த க்ரீம். 2002-ல் 12 பேருக்குக் கீலாய்டை வெட்டிய அன்றிரவிலிருந்து எட்டு வாரம் தடவிப் பார்த்தார்கள். 24-வது வாரத்தில் பார்த்தவர்களில் ஒருவருக்கும் திரும்பவில்லை. எல்லோரும் குஷியானோம். பிறகு மற்றவர்கள் செய்தபோது காது மடலில் பரவாயில்லை, நெஞ்சிலும் முதுகிலும் திரும்பி வந்தது. கவனியுங்கள், அதுவும் வெட்டிய பிறகு திரும்பாமல் தடுக்கத்தான். இருக்கும் கீலாய்டைக் கரைக்க இல்லை. வெட்டுவதைப் பற்றிக் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: வேறு எந்தத் துணைச் சிகிச்சையும் இல்லாமல் கத்தியை மட்டும் வைத்தால் 45 முதல் 100% வரை திரும்பும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. திரும்பும்போது முன்பைவிடப் பெரிதாகவும் வரலாம். நெஞ்சில் அந்த விளையாட்டு வேண்டாம்.

இப்போது நீங்கள் தவிர்க்க நினைக்கும் ஊசி. ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டைக் கீலாய்டுக்குள்ளேயே போடுவது 1960-களிலிருந்து நடக்கிறது, இன்றும் முதல் தேர்வு அதுதான். மில்லிலிட்டருக்கு 10 முதல் 40 மில்லிகிராம் வரை, நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு தடவை. களிம்பு ஏன் தோற்கிறது என்பதை ஊசி போடும் கைதான் நன்றாக அறியும். முதல் தடவை போடும்போது மருந்து உள்ளே இறங்கவே இறங்காது. கட்டைவிரல் வலிக்க அழுத்தினாலும் காய்ந்த ரப்பருக்குள் தண்ணீரை ஏற்றுவது மாதிரி இருக்கும். ஊசியைத் திருகிப் பூட்டும் சிரிஞ்சாக எடுக்காவிட்டால் ஊசி பிய்த்துக்கொண்டு மருந்து என் கண்ணாடியில் தெறிக்கும், தெறித்திருக்கிறது. கடைசியில் கீலாய்டு வெளுத்து லேசாக வீங்கும், அதுதான் மருந்து சரியான இடத்தில் நிற்பதற்கு அடையாளம். மூன்றாவது நான்காவது தடவையில் அதே இடத்தில் மருந்து வெண்ணெயில் போவது மாதிரிப் போகும். தழும்பு இளகிவிட்டதை நோயாளி சொல்வதற்கு முன் என் விரல் சொல்லிவிடும். ஊசிக்கே இவ்வளவு முரண்டு பிடிக்கும் திசுவுக்குள் மேலே தடவிய க்ரீம் எப்படி இறங்கும்?

ஊசியும் மந்திரம் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு அரிப்பு, வலி, மேடு குறையும். சிலருக்கு வருடங்கள் கழித்துத் திரும்பும். போட்ட இடம் குழி விழலாம், வெளுக்கலாம், மாதவிலக்கு முன்பின்னாகலாம். மேடு தணிந்தாலும் நிற வித்தியாசம் தங்கும். பழைய தோல் அப்படியே திரும்பி வராது. உறையவைக்கும் கிரையோ சிகிச்சையைச் சேர்த்தும், 5-ஃப்ளூரோயுராசில் என்ற புற்றுநோய் மருந்தைக் கலந்தும் போடுவதுண்டு. நீங்கள் பால் கொடுப்பதால் அந்த 5-ஃப்ளூரோயுராசில் உங்களுக்கு இப்போது இல்லை. பால் கொடுக்கும் விஷயத்தை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். இன்னொன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள்: நெஞ்சின் நடுவில் குழந்தையின் கன்னமும் வாயும் படும். அங்கே ஸ்டீராய்டோ ட்ரெட்டினாயினோ எதையும் தடவாதீர்கள். சிலிகான் ஜெல்லைக்கூடக் குழந்தை வாய் வைக்கும் நேரத்தில் துடைத்துவிடுவது நல்லது. கீலாய்டு உயிருக்கு ஆபத்தானது இல்லை. பால் மறக்கடித்த பிறகு சிகிச்சை ஆரம்பித்தாலும் கெட்டுப்போகாது, அரிப்பு தூங்கவிடாமல் செய்தால் ஒழிய.

வயிற்றுத் தழும்புக்கு ஜெல்லைத் தொடருங்கள். காலை, இரவு, மெல்லிய படலம், சில நிமிடம் உலரவிட்டு அப்புறம் உடை. நிறையப் போட்டால் துணியில்தான் ஒட்டும். தாளாகவும் கிடைக்கிறது. அதைத் தழும்பைவிடக் கொஞ்சம் பெரிதாக வெட்டி, முதல் நாள் சில மணி நேரம் என்று ஆரம்பித்து, ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் ஒட்டி வைக்க வேண்டும். சோப்பில் கழுவி உலர்த்தித் திரும்ப ஒட்டலாம். வழிகாட்டுதல் எழுதியவர்கள் சித்திரை வெயிலில் சேலைக் கட்டுக்குக் கீழே அதை ஒட்டிப் பார்க்கவில்லை என்பது என் சந்தேகம். வேர்க்குரு வந்தால் கழற்றிவிட்டு ஜெல்லுக்கு மாறுங்கள். இரண்டு மூன்று மாதம் குறைந்தபட்சம், தழும்பு வெளுத்துத் தட்டையானால் நிறுத்திவிடலாம்.

இதெல்லாம் உங்கள் எழுத்தை மட்டும் வைத்துச் சொன்னது, தழும்பை நான் தொட்டுப் பார்க்கவில்லை. சிசேரியன் தழும்புக்கு அடியில் உருண்டையாக ஏதாவது கைக்குத் தட்டுப்பட்டு, மாதவிலக்கு நாட்களில் மட்டும் அது வலித்தால், அது தழும்பு பிரச்சினை இல்லை. கருப்பை உட்சவ்வுத் திசு தையலில் தங்கியிருக்கலாம், மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். நெஞ்சில் இருப்பது சில மாதங்களில் திடீரென்று பெரிதானாலும், புண்ணானாலும், ரத்தம் கசிந்தாலும் உடனே ஒரு தோல் மருத்துவர் பார்க்க வேண்டும். கீலாய்டு மாதிரியே தோற்றம் காட்டும் அபூர்வமான கட்டி ஒன்று உண்டு, சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும். அப்புறம், பெண் குழந்தையாக இருந்தால் காதுகுத்தைத் தள்ளிப்போட வேண்டாம். 11 வயதுக்குப் பின் குத்தியவர்களுக்கே கீலாய்டு அதிகம் வந்ததாக 2005-ல் ஒரு சிறு ஆய்வு காட்டியது. 32 பேர்தான், அதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் அம்மாவுக்குக் கீலாய்டு இருக்கும் வீட்டில் நான் அந்தப் பக்கம்தான் சாய்வேன்.

ஊசிக்குப் பயம் என்றீர்களே, அதற்கு ஒரு க்ரீம் இருக்கிறது. லிடோகெய்னும் பிரிலோகெய்னும் கலந்த மரத்துப்போகும் க்ரீம். ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்னால் கனமாகத் தடவி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டி மூட வேண்டும். ஊசி குத்தும் வலி நன்றாகக் குறையும். மருந்து உள்ளே ஏறும்போது வரும் அழுத்த வலி கொஞ்சம் இருக்கும், அது அரை நிமிடம். வீட்டிலேயே தடவிக்கொண்டு வராதீர்கள், ஆஸ்பத்திரியில் கேளுங்கள், அளவு பார்த்துத் தடவுவார்கள். குழந்தையை அந்த ஒரு மணி நேரம் பாட்டியிடம் விட்டுவிட்டு வாருங்கள்.